கிருஷ்ணகிரியில் ஒரு ரோட்டோ அறை: சாஃப்ட்வேர் வாங்கியதும் ஆள் எடுத்ததும்

2019 ஜூன் மாதம். ராயக்கோட்டை சாலையில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியை வாடகைக்குப் பிடித்து, எட்டு கணினிகளை வரிசையாக வைத்துவிட்டு, ஆள் தேடி விளம்பரம் கொடுத்தேன். 'ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் தேவை. நியூக், சில்ஹவுட் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருட அனுபவம் அவசியம்.' நியூக் பல படங்களை ஒரே காட்சியாக ஒட்டும் சாஃப்ட்வேர், சில்ஹவுட் உருவங்களைக் கோடு போட்டுப் பிரிக்கும் சாஃப்ட்வேர். பெங்களூரில் நான் வேலை பார்த்த இடங்களில் இப்படித்தான் எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

பதினேழு நாள் காத்திருந்தேன். மாவட்டத்துக்குள்ளிருந்து ஒருவர்கூட வரவில்லை. பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். ஒருவர் இரண்டரை மாதத்தில் கிளம்பினார், இன்னொருவர் ஐந்தாம் மாதம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இதே வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கிடைக்கும்போது யாராக இருந்தாலும் போகத்தான் செய்வார்கள். என்ன சாஃப்ட்வேர் வாங்குகிறோம் என்பதும் யாரை வேலைக்கு எடுக்கிறோம் என்பதும் ஒரே முடிவு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முதலில் சாஃப்ட்வேரை வாங்கினேன், அப்புறம் அதற்கு ஆள் தேடினேன். அந்த வரிசையால் முதல் வருடம் போட்ட பணத்தில் பாதி போனது. கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இப்படி ஒரு சின்ன அறை தொடங்க நினைப்பவர்களுக்கும், இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரோட்டோ என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் சுவருக்கு முன்னால் நடந்து போகிறார். சுவரை எடுத்துவிட்டு அங்கே மலையை வைக்க வேண்டும். பச்சைத் திரை கட்டாமல் எடுத்துவிட்டார்கள். அப்போது அந்த ஆளின் உருவத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கோடு போட்டுப் பிரித்துத் தர வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம். ஐந்து நொடிக் காட்சி என்றால் 120. முன்னும் பின்னும் எட்டு எட்டு ஃப்ரேம் சேர்த்துக் கேட்டால் 136. அப்படிப் பிரித்துத் தரும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேட் என்று பெயர். படச்சுருளைக் கண்ணாடியில் விழவைத்து அதன்மேல் தாள் வைத்து வரையும் முறைக்கு 1915-ல் மேக்ஸ் ஃப்ளைஷர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதிலிருந்து வந்ததுதான் இது. தாள் போய்த் திரை வந்திருக்கிறது. கோடு போடுகிறவர் கண் வலிக்க உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை.

எனக்கு 2009-லேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. அதை மறந்துவிட்டுத்தான் அந்த விளம்பரத்தை எழுதினேன். எங்கள் ஊர் பர்கூர் பக்கம். 2008-ல் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த 85,000 ரூபாயைக் கட்டி, பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஷேக் என்ற சாஃப்ட்வேரைப் படித்தேன். அன்றைக்குக் காம்ப், அதாவது பிரித்த படங்களை ஒரே காட்சியாக ஒட்டும் வேலை என்றால் ஷேக்தான். 2002-ல் ஆப்பிள் அதை உருவாக்கிய நிறுவனத்தையே வாங்கியிருந்தது. 2006-ல் அதன் விலையை 2,999 டாலரிலிருந்து 499 டாலருக்கு இறக்கினார்கள். விலை இறங்கியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இனி இதை வளர்க்கப் போவதில்லை என்பதால்தான் அப்படி இறக்கினார்கள் என்று சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. 2009 ஜூலையில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். நான் படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாமல் இரண்டு மாதம் ஊருக்கே போகவில்லை.

நான் சேர்ந்த ஸ்டுடியோவில் ஒரு சீனியர் அண்ணா இருந்தார். "ஷேக்கில் ஓவர் நோட் என்ன கணக்குப் போடும், சொல்லு" என்று கேட்டார். நோட் என்பது திரையில் ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்னப் பெட்டி. சொன்னேன். "நியூக்கிலும் அதே கணக்குதான். பட்டன் மட்டும் வேற இடத்துல இருக்கும், தேடிக்கோ" என்றார். முன்னால் இருக்கும் படத்தைப் பின்னால் இருக்கும் படத்தின்மேல் எப்படி ஒட்டுவது என்ற அந்தக் கணக்கை, லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். எல்லா சாஃப்ட்வேரும் அதன்மேல்தான் நிற்கிறது. எனக்கு நியூக் பழக இரண்டு வாரம் ஆனது. என்னோடு படித்தவர்களில், எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்த மூன்று பேர் அந்த வருடமே இந்தத் தொழிலை விட்டுப் போனார்கள். 2014-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் சாஃப்ட்இமேஜ் என்ற முப்பரிமாண சாஃப்ட்வேரை நிறுத்துவதாக அறிவித்தபோது இதே கதையை வேறு நண்பர்களிடம் பார்த்தேன்.

சரி, 2019-க்கு வருகிறேன். இரண்டு பேரும் போன பிறகு, வாங்கி வைத்த லைசென்ஸ் ஒவ்வொரு மாதமும் சும்மா கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து ஒரு நோட்டில், கையில் இருந்த நான்கு வாடிக்கையாளர்களும் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். வேலை தொடங்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது அது. இரண்டு பேருக்கு மேட் மட்டும் போதும்: இ.எக்ஸ்.ஆர் என்ற வகைப் படக் கோப்புகளாக, ஃப்ரேம் எண் 1001-ல் தொடங்கி, சிவப்பு சேனலில் (படத்தின் சிவப்பு அடுக்கில்) ஒரு ஆள், பச்சையில் இன்னொருவர், நீலத்தில் கையிலிருக்கும் பொருள். அதை நான் எதில் வரைந்தேன் என்று அவர்கள் கேட்பதே இல்லை. மற்ற இருவருக்குக் கோடுகளே வேண்டும். அவர்கள் ஊர்க் காம்ப் ஆர்ட்டிஸ்ட் நியூக்கில் திறந்து தாங்களே ஒரு ஓரத்தை நகர்த்திக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நியூக்கிலேயே வரைந்து தர வேண்டும், இல்லையென்றால் சில்ஹவுட்டில் வரைந்து நியூக்குக்கு ஏற்றுமதி செய்து தர வேண்டும்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எட்டு கணினிக்கும் நியூக் வேண்டாம் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். புதிதாக ஒரு வேலை வந்தால் இப்போது நான் முதலில் கேட்பவை இவைதான்: மேட் போதுமா, ஷேப் என்னும் கோடுகளே வேண்டுமா, மோஷன் பிளர் (வேகத்தில் வரும் மங்கல்) போட்டுத் தரவா, போடாமல் தரவா, போட்டால் கேமரா ஷட்டர் எவ்வளவு, பிளேட் எனப்படும் மூலக் காட்சி லென்ஸ் வளைவை எடுத்ததா, எடுக்காததா, பிளேட் என்ன அளவு. அளவைக் கேட்காமல் ஒரு தடவை அடிபட்டேன். எங்கள் கணினிகள் எச்.டி அளவுக்கு வாங்கியவை. 4448-க்கு 3096 பிக்சல் அளவில் பிளேட் வந்து இறங்கியது. ஒரு ஃப்ரேம் நகரவே நேரம் பிடித்தது. பிள்ளைகள் பாதித் தெளிவில் வைத்து வரைந்தார்கள், முழு அளவில் பார்த்தபோது தோள் ஓரம் முழுக்க இரண்டு மூன்று பிக்சல் உள்ளே போயிருந்தது. 23 காட்சிகளையும் காசு வாங்காமல் மறுபடி செய்துகொடுத்தோம்.

இன்று எங்களிடம் சில்ஹவுட் ஐந்து, நியூக் இரண்டு. ஆட்கள் பதினொரு பேர். ஏழு லைசென்ஸில் பதினொரு பேர் எப்படி என்று கேட்பீர்கள். ஃப்ளோட்டிங் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சர்வரில் இருக்கும், யார் திறக்கிறார்களோ அவருக்குப் போகும், மூடினால் திரும்பி வரும். காலை ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று பிரித்துவிட்டால் ஒன்றை இரண்டு பேர் பயன்படுத்தலாம். ஒரு கணினிக்கு மட்டும் பூட்டிய லைசென்ஸை விட விலை கூடுதல்தான், ஆனாலும் சின்ன இடத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். உள்ளூர் விளம்பரப் படம், சின்னத் தமிழ்ப் படம் வந்தால் ஃபியூஷன் என்ற காம்ப் சாஃப்ட்வேரில் முடிக்கிறோம். 2014-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கியதிலிருந்து விலை கைக்கு எட்டும்படி ஆகிவிட்டது. ஒரு தடவை பணம் கட்டினால் போதும், வருடா வருடம் கட்ட வேண்டியதில்லை.

திருட்டு சாஃப்ட்வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். "எல்லாரும் அதுலதானே ஓட்டறாங்க, அண்ணா" என்பார்கள். நானும் தொடக்கத்தில் இரண்டு கணினியில் வைத்திருந்தேன். வெளிநாட்டு வேலை ஒன்று கையெழுத்தாகும் நேரத்தில் லைசென்ஸ் ரசீதுகளை அனுப்பச் சொன்னார்கள். இரண்டு குறைந்தது. வேலை போனது. ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டபோது பதிலே வரவில்லை. அன்றிலிருந்து, காசில்லாத மாதத்தில் இலவசமானதில் வேலை செய்வோம், திருட்டுப் பதிப்பைத் தொடமாட்டோம் என்று முடிவு செய்தேன். வீட்டில் பழக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். நியூக்கிலேயே நான்-கமர்ஷியல் என்று இலவசப் பதிப்பு இருக்கிறது. 1920-க்கு 1080 அளவுக்கு மேல் வெளியே எடுக்க முடியாது, அதில் சேமித்த கோப்பு வழக்கமான நியூக்கில் திறக்காது, கூலி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பழகுவதற்கு அது போதும். அதையும் தாங்காத பழைய கணினியா, நேட்ரான் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரிலும் மாஸ்க் (பிரிக்கும் கோடு) வரையலாம், அசைவைப் பின்தொடர டிராக் செய்யலாம்.

இப்போது ஆட்கள் விஷயம். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

விளம்பரத்தை மாற்றினேன். சாஃப்ட்வேர் பெயர் எதுவும் போடவில்லை. 'சினிமா படங்களுக்குக் கணினியில் வரையும் வேலை. பயிற்சி ஆறு வாரம், பயிற்சிக்கும் சம்பளம் உண்டு. பொறுமையும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். படிப்பு எதுவானாலும் சரி.' 46 பேர் வந்தார்கள். இத்தனை பேரில் யாரை எடுப்பது? சாஃப்ட்வேர் தெரியாதவரிடம் சாஃப்ட்வேரில் தேர்வு வைக்க முடியாது. வீட்டு வாசலில் மேய்ந்த கோழி ஒன்றை மூன்று நொடி போனில் படம்பிடித்து எடுத்து வந்தேன். போனில் நொடிக்கு 30, ஆக 90 ஃப்ரேம். மடிக்கணினியில் அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். இரண்டு கேள்வி. வலது கால் எந்தெந்த ஃப்ரேமில் தரையைத் தொடுகிறது? இந்தக் கோழியைக் கத்தரித்து எடுக்க வேண்டுமென்றால் எத்தனை துண்டாக வெட்டுவீர்கள், தாளில் வரைந்து காட்டுங்கள்.

பெங்களூரில் சான்றிதழ் வாங்கி வந்த ஒரு தம்பி கோழியைச் சுற்றி ஒரே கோடாகப் போட்டார். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீ, அதாவது கோடு எங்கே இருக்க வேண்டும் என்று பதியும் குறி, வைத்துவிடுவேன் என்றார். நிறையப் பேர் செய்யும் தவறு அது. ஒரே கோட்டில் 60 புள்ளி வைத்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்த்தினால், தனித்தனியாக எல்லாம் சரியாக இருக்கும். ஓடவிட்டால் ஓரம் கொதிக்கிற பால் மாதிரி துடிக்கும். உடம்பைத் துண்டாகப் பிரித்து, அசைவு திரும்பும் இடங்களில் மட்டும் கீ வைத்து, நடுவில் தேவைப்பட்டால் ஒன்று சேர்த்தால்தான் ஓரம் அமைதியாக இருக்கும்.

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஓசூரில் ஒரு கைக்கடிகாரப் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் திரும்பி வந்தவள். மவுஸைத் தவிர வேறு எதுவும் பழக்கமில்லை. பத்து நிமிடம் எதுவும் எழுதாமல் முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அண்ணா, இதோட தல முதல்ல முன்னால போய் நின்னுக்குது. உடம்பு பின்னால வந்து சேருது. ரெண்டும் ஒண்ணா போகல. அதனால தலையும் கழுத்தும் தனி, உடம்பு தனி" என்றாள். கோழி நடப்பது அப்படித்தான். தலையை முன்னே நீட்டி, ஓரிடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உடம்பைக் கொண்டு வந்து சேர்க்கும். நான் ஊரில் பிறந்து வளர்ந்தவன், பல வருடம் ரோட்டோ செய்தவன். இந்த வீடியோவை எடுத்தவனும் நான்தான். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. தாளில் ஒன்பது துண்டு போட்டிருந்தாள். கால் விரல்களை மூன்றாகப் பிரித்திருந்தாள்.

அன்றைக்கு எடுத்த நான்கு பேரில் அவளும் ஒருத்தி. இன்னொருவர் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தவர், ஃபோட்டோஷாப்பில் தலைமுடி வெட்டி வெட்டிப் பழகியவர். சில்ஹவுட் கற்றுக்கொடுக்க எனக்கு ஐந்தரை வாரம் ஆனது. நியூக்கை முதலில் காட்டியிருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும், நூற்றுக்கணக்கான நோட் பார்த்து மிரண்டிருப்பார்கள். வரைவதற்கென்றே செய்த கருவியில் தொடங்கியதால் கை சீக்கிரம் படிந்தது. உள்ளூர் ஆட்களை எடுக்கப் போகிறேன் என்று முடிவு செய்ததால்தான் எதை வாங்குவது என்பதும் தெளிவானது.

எடுத்தவர்களைத் தக்கவைப்பது தனி வேலை. பெங்களூரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலை பத்துக்கு வந்து இரவு எப்போதோ போவது. இங்கே காவேரிப்பட்டணம் பக்கம் போகும் பிள்ளைக்கு டவுன் பஸ் போய்விட்டால் போய்விட்டதுதான். அதனால் காலை ஷிஃப்ட் எட்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். அதற்கு மேல் அரை மணி நேரம்கூட நீட்டக் கூடாது என்று குழுவை நடத்தும் லீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் மா அறுவடை. தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் லீவு கேட்பார்கள். முதல் வருடம் முறைத்துக்கொண்டேன், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து அந்த இரண்டு மாதத்துக்கு வேலையைக் குறைத்தே ஒப்புக்கொள்கிறேன்.

போன் விவகாரம் நான் எதிர்பார்க்காதது. வெளிவராத படத்தின் காட்சிகள் எங்களிடம் இருக்கும். ஒரு ஃப்ரேம் வெளியே போனாலும் அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார். அதனால் வரையும் கணினிகளுக்கு இணையம் கிடையாது, அறைக்குள் போன் கிடையாது. அமெரிக்க ஸ்டுடியோக்களின் சங்கமான எம்.பி.ஏ இதற்கென்று டி.பி.என் என்ற மதிப்பீட்டு முறையே வைத்திருக்கிறது. மகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மா இதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "போனை வாங்கி வெச்சுக்கறீங்கன்னா நான் எப்படி தம்பி நம்பறது?" நியாயமான கேள்வி. வாசலில் ஒரு லேண்ட்லைன் போட்டேன். எண்ணை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அந்த நிமிடமே எழுந்து வந்து பேசலாம். பெற்றோர் யார் வேண்டுமானாலும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்த்துப் போகலாம். அந்த அம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார். அப்புறம் அவரே தங்கை மகளையும் அனுப்பினார்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஷோரீல், அதாவது செய்த வேலையைக் காட்டும் வீடியோ பற்றி ஒன்று. எனக்கு வந்த ஒரு ரீலில் மழையில் ஓடும் ஒரு ஆள் காட்சி இருந்தது. பார்த்த உடனே தெரிந்தது, 2015-ல் நான் மூன்று நாள் உட்கார்ந்து ரோட்டோ செய்த காட்சி. அனுப்பிய தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டார். பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் அதே ரீலைத்தான் போட்டுக் கொடுத்தார்களாம். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று உங்கள் போனிலேயே ஒரு காட்சியை எடுத்து, அதில் ஒரே ஒரு ஆளைச் சுத்தமாகப் பிரித்து, மூலம், கோடு, மேட் மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். 40 நொடி போதும். குழுவாகச் செய்த காட்சி என்றால் இதில் நான் செய்தது இடது கையும் குடையும் என்று எழுதுங்கள். அப்படி எழுதியவரை நான் நம்புகிறேன்.

இன்னொன்று, வேலை கொடுப்பதற்கு முன் டெபாசிட் கேட்கும் இடங்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருவர் 40,000 ரூபாய் கட்டிவிட்டு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு, ஏழு மாதம் சம்பளமில்லாமல் 'பயிற்சி'யில் இருந்திருக்கிறார். அவர் செய்த ரோட்டோவை அந்த இடம் வாடிக்கையாளருக்கு விற்றுக்கொண்டிருந்தது. சான்றிதழைத் திரும்ப வாங்க அவர் அப்பா மூன்று தடவை பஸ் ஏறினார். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2023-ஐ மறக்க முடியாது. மே 2-ம் தேதி ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், ஜூலை 14-ல் நடிகர்களும் சேர்ந்தார்கள். எழுத்தாளர்களுடையது 148 நாள், நடிகர்களுடையது 118 நாள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் கேமரா நின்றால் கிருஷ்ணகிரியில் சில்ஹவுட் திறக்க ஆளிருக்காது என்பதை அந்த வருடம்தான் பார்த்தேன். எங்களுக்கு அடி உடனே விழவில்லை. அதற்கு முன் எடுத்த படங்களின் வேலை ஆகஸ்ட் வரை வந்தது. செப்டம்பரிலிருந்து நான்கு மாதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று பேரை அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். லைசென்ஸை மூன்று மாதக் கணக்கில் வாங்கியிருந்தால் அந்த நேரம் நிறுத்தியிருக்கலாம். வருடத்துக்குக் கட்டினால் மலிவு என்று கட்டியிருந்தேன். அந்தப் பணம் இருந்திருந்தால் ஒருவரையாவது வைத்திருந்திருப்பேன். இப்போது பாதி லைசென்ஸ் வருடக் கணக்கு, மீதி குறுகிய காலக் கணக்கு. மூன்று மாதச் சம்பளம் வங்கியில் தனியாகக் கிடக்கிறது, அதைத் தொடுவதில்லை. அனுப்பிய மூவரில் இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவர் ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறார், தீபாவளிக்குக் கூப்பிட்டுப் பேசுவார்.

2025 பிப்ரவரியில் உலகம் முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு பெரிய குழுமம் மூழ்கியபோது, பெங்களூரில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே வாரத்தில் வேலை போனது. அந்த மாதம் எனக்கு வந்த விண்ணப்பங்களில் என்னைவிட அனுபவசாலிகள் இருந்தார்கள். தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர், பன்னிரண்டு வருடக் காம்ப் அனுபவம், "எவ்வளவு கொடுத்தாலும் வரேன் சார்" என்றார். அப்படிச் சொல்லும் நிலையில் இருப்பவரிடம் பேரம் பேசக் கூடாது. என்னால் முழுச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதால் வாரம் மூன்று நாள் மட்டும் வரச் சொல்லி, அந்த மூன்று நாளுக்கு அவர் முன்பு வாங்கிய கணக்கிலேயே கொடுக்கிறேன். அவர் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் இரண்டாவது நியூக்கைத் திறக்கத் தொடங்கினார்கள். ரோட்டோவிலிருந்து, காட்சியில் வேண்டாததை அழிக்கும் பெயிண்டுக்கு, அங்கிருந்து காம்புக்கு என்று மேலே ஏறும் வழி இங்கேயே இருந்தால் பெங்களூர் பஸ் ஏற வேண்டிய அவசியம் குறைகிறது.

பெற்றோர் இப்போது கேட்பதெல்லாம், கம்ப்யூட்டரே வரைந்துவிடுமாமே, பிள்ளைக்கு வேலை இருக்குமா என்பதுதான். பயம் உண்மையானது, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். நியூக்கில் 2021-லேயே காப்பிகேட் வந்துவிட்டது. சில ஃப்ரேம்களை நாம் கையால் செய்து கொடுத்தால் மீதியை அது பழகிச் செய்யும். 2023-ல் மெட்டா வெளியிட்ட எஸ்.ஏ.எம், படத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்த உருவத்தையே பிரித்துக் கொடுக்கிறது; 2024-ல் வந்த அதன் அடுத்த பதிப்பு வீடியோவிலும் செய்கிறது. தோராயமான மேட் வரைந்து கூலி வாங்கிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு மட்டும் ஆளை எடுத்துப் பழக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் காற்றில் பறக்கும் முடி, வேகமாக வீசிய கை மங்கலாகத் தெரியும் ஓரம், ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் போய்த் திரும்பி வருவது, இங்கெல்லாம் இயந்திரம் கொடுத்ததை ஓடவிட்டுப் பார்த்து, எந்த ஃப்ரேமில் தவறுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். காப்பிகேட்டுக்கு எந்த ஆறு ஃப்ரேமைச் செய்து கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கே அசைவு எங்கே மாறுகிறது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கோழியின் தலை முன்னால் போய் நிற்பதைப் பார்த்த பெண்தான் எங்களிடம் இப்போது அந்த ஃப்ரேம்களைத் தேர்ந்தெடுக்கிறாள். அவள்தான் லீட்.

போன வாரம் இரண்டு புதிய ஆட்களுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வந்து, "அண்ணா, கோழி வீடியோவ மாத்தணும். வந்து போனவங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க" என்றாள். வீட்டில் எடுத்து வந்த ஒன்றைக் காட்டினாள். அவள் பாட்டி முறத்தில் கேழ்வரகு புடைக்கிறார். முறம் மேலே எழும்போது தானியம் சிதறி எழும்புகிறது, தூசு பக்கவாட்டில் பறக்கிறது, பாட்டியின் வளையல் மங்கிக் கோடாகத் தெரிகிறது.

"இதுல எத்தன துண்டுன்னு கேக்கலாமா?" என்றேன்.

"அது வேண்டாம்ண்ணா. இதுல எதையெல்லாம் கையால வரையக் கூடாதுன்னு கேக்கலாம்" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்புக்குறியை அழுத்தி முதல் ஃப்ரேமிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.